எதில் ஏறி வருகிறார்கள் என்று கேள்

பிரிக்பீல்ட்ஸ்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். முன்னறைக்குச் சாயம் பூசி, புதுக் கட்டில் போட்டு, ஆள் தங்க விடப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். படங்களையும் புலனத்தில் அனுப்பியிருந்தாள். அறை அழகாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக வருகிறது. வாடகை எவ்வளவு, போர்வை எங்கே வாங்குவது என்பதெல்லாம் உனக்கே தெரியும். நான் உட்கார்ந்து எழுதுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. வருகிற ஆள் எத்தனை மணிக்கு உன் வாசலுக்கு வந்து சேருவார் என்பதை நீ எப்படி ஏற்பாடு பண்ணப் போகிறாய்?

“வந்ததும் போன் பண்ணுவாங்க, கேட்டைத் திறந்துவிடப் போறேன், இதுக்கு ஒரு கடிதமா பெரியம்மா?” என்பாய். எங்கள் பக்கம் அறை விட்டுப் பார்த்து, பிறகு போதும் என்று நிறுத்திக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அறையை அழுக்காக்கினார்கள் என்று நிறுத்தியவர்கள் குறைவு. ஐந்து மணி என்று சொல்லிப் பத்து மணிக்கு வந்தார்கள், நடுச்சாமத்தில் மணி அடித்தார்கள், காத்திருந்த எரிச்சலில் வீட்டுக்காரரோடு வாக்குவாதம் என்று நிறுத்தியவர்களே அதிகம். வருகிறவருக்கும் அப்படித்தான். தெரியாத ஊரில், இருட்டில், பூட்டிய கேட்டுக்கு முன்னால் பெட்டியோடு நின்றவர், உள்ளே நீ பட்டு மெத்தையே போட்டிருந்தாலும் அந்த வாசலைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

நானும் உன் பெரியப்பாவும் இங்கே அறை விடுவதைப் பார்த்துத்தான் உனக்கு இந்த எண்ணம் வந்தது என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் கணக்கை நீ இருக்கிற காப்பாருக்குக் கொண்டுபோகாதே. 2001ல் கே.எல். சென்ட்ரல் திறந்த பிறகு எங்கள் பக்கம் வருகிறவர்கள் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லாமல் போயிற்று. விமான நிலைய ரயில், கொமுட்டர், எல்.ஆர்.டி. எல்லாம் அங்கேதான் வந்து நிற்கின்றன. சீக்கிரம் வந்துவிட்டால் பெட்டியை வைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போவார்கள். தாமதமானால் நடந்தே வந்துவிடுவார்கள், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். காப்பாருக்கு ரயில் கிடையாது. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டரில் கிள்ளானுக்கு வரவே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். கிள்ளானில் இறங்கிய பிறகு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே வர வேண்டும், அதுவும் துறைமுக லாரிகளும் தொழிற்சாலை வண்டிகளும் ஓடுகிற சாலையில். மாலை ஐந்தரைக்கு அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜொகூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறவருக்கு அது தெரியாது. வரைபடத்தில் பார்த்துவிட்டு, “அரை மணி நேரம்தான் காட்டுது, ஏழு மணிக்கு வந்துடுவோம்” என்று உனக்குச் செய்தி அனுப்புவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை நீ அவரிடம் கேட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது இது. “எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று கேட்பதை விட்டுவிடு. “எங்கிருந்து வர்றீங்க, எதுல ஏறி வர்றீங்க?” என்று கேள். பேருந்தா, விமானமா, சொந்தக் காடியா? எந்த நிலையத்தில் இறங்குகிறார்கள்? அங்கிருந்து உன் வீட்டுக்கு எப்படி வரப்போகிறார்கள்? இவை அவர்களுக்குத் தெரிந்த விவரங்கள். டிக்கெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கிருந்து காப்பார் வரைக்குமான கணக்கை நீ போடு. உன் ஊர்ச் சாலை, உன் ஊர் மழை, உன் ஊர் வெள்ளிக்கிழமை, எல்லாம் உனக்குத்தானே தெரியும்? கணக்குப் போட்டபின் நீயே சொல்: “அப்படின்னா எட்டரைக்கு முன்னால வந்து சேர முடியாது. ஒன்பது மணிக்கு உங்களை எதிர்பார்க்கிறேன்.” இப்படிச் சொல்லிப் பார், வருகிறவருக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்கே தெரியும்.

யார் யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். காப்பாருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம்தான் இருப்பார்கள். கடலோரத்தில் மின் நிலையம் இருக்கிறது. அங்கே ஓர் இயந்திரத்தைப் பராமரிப்புக்கு நிறுத்தினால் குத்தகைக்காரர்களின் ஆட்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். அவர்கள் நேரம் தவற மாட்டார்கள், ஆனால் வேலை மாற்றத்தைப் பொறுத்து அதிகாலை ஐந்துக்கும் கிளம்புவார்கள், இரவு பதினொன்றுக்கும் திரும்புவார்கள். அவர்களிடம் முதல் நாள் வருகிற நேரத்தை மட்டும் கேட்டால் போதாது, அந்த வாரம் முழுவதற்கும் எந்த ஷிஃப்ட் என்று கேள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளியை விட்டுவிட்டு வருகிற உறவுக்காரர்கள் வருவார்கள். அவர்களிடம் நேரத்தை வற்புறுத்தாதே. பார்வையாளர் நேரம் முடிந்துதான் கிளம்ப மனசு வரும், சில நாள் கிளம்பவே முடியாது. புஞ்சாக் ஆலாமில் யு.ஐ.டி.எம். வளாகத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் வருவார்கள். அவர்கள் பதிவுக்கு முதல் நாள் பகலிலேயே வந்துவிடப் பார்ப்பார்கள். நீ கேட்டு வைக்காவிட்டால் நண்பகல் பன்னிரண்டுக்கு, முந்தின விருந்தாளியின் போர்வை இன்னும் துவைகல்லில் இருக்கும்போது, வாசலில் நிற்பார்கள்.

பிறகு ஊரிலிருந்து வருகிறவர்கள். கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ்காரர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் வரை தங்கலாம் என்றான பிறகு இன்னும் அதிகம். இவர்களைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறுவது மணி மட்டும் இல்லை, தேதியே தவறிப்போகும்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிற விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறவை. பறக்கிற நேரம் ஏறத்தாழ நாலு மணி நேரம். நம் கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. (1981 கடைசி வரை வித்தியாசம் இரண்டே மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். உன் தாத்தா அந்த வருஷம் முழுக்கப் பழைய கணக்கிலேயே ஊருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.) இப்போது பார். பதினாலாம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்குத் திருச்சியில் விமானம் ஏறுகிறவர், இங்கே பதினைந்தாம் தேதி காலை ஆறேகாலுக்கு இறங்குகிறார். அவர் உன்னிடம் “பதினாலு நைட் வர்றோம்” என்பார், அறையையும் பதினாலாம் தேதிக்கே எடுப்பார். நீ அன்று இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருப்பாய். அவர் அப்போதுதான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்குக் கிளம்புகிற விமானம் இன்னும் மோசம். டிக்கெட்டில் பதினைந்து என்றிருக்கும், அவர் மனசில் அது பதினாலாம் தேதி ராத்திரி. அதனால் ஊரிலிருந்து வருகிற எவரிடமும் தேதியை வாயால் கேட்டு வாங்காதே. டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல். விமான எண்ணும் இங்கே தரையிறங்குகிற தேதியும் நேரமும் உன் கண்ணால் பார். பிறகு, “மலேசிய நேரப்படி பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை காலை” என்று கிழமையோடு சேர்த்து எழுதி அனுப்பு. தேதியில் தடுமாறுகிறவர்கள் கிழமையில் தடுமாறுவதில்லை.

தரையிறங்குகிற நேரத்தை உன் வாசலுக்கு வருகிற நேரமாக எடுத்துக்கொள்ளாதே. விமானத்திலிருந்து இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர ஒரு மணி நேரம் வை, பள்ளி விடுமுறையானால் இன்னும் கூட்டு. சிப்பாங் விமான நிலையத்திலிருந்து காப்பாருக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். வழி திறந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, காலை வேலைக்குப் போகிற நேரமானால் ஒன்றரைக்கு மேல். ஆக ஆறேகாலுக்கு இறங்கியவர் ஒன்பது மணிக்கு உன் வீட்டில் இருப்பார். மாப்பிள்ளை போய் அழைத்து வருவதாக இருந்தால் எந்த முனையம் என்று கேட்டுக்கொள். ஏர் ஆசியா இரண்டாவது முனையத்தில் இறங்கும், மலேசியா ஏர்லைன்சும் பாத்திக் ஏரும் முதலாவதில். ஒன்றில் அவர்களும் மற்றொன்றில் நீங்களுமாக நின்றால் ஒருவரை ஒருவர் தேடியே ஒரு மணி நேரம் போகும்.

சரி, காலை ஒன்பது மணிக்கு வந்துவிட்டார்கள். உன் அறை மூன்று மணிக்குத்தான் தயாராகும். கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்திருக்கிறார்கள். என்ன செய்வாய்? நம் வளர்ப்புக்கு, “மூணு மணிக்கு வாங்க” என்று சொல்ல வாய் வராது. உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, அவசர அவசரமாக அறையைப் பெருக்கி, காப்பி போட்டுக் கொடுத்து, பிறகு நாள் முழுக்க உள்ளுக்குள் புழுங்குவாய். இது இரண்டு பேருக்கும் நல்லதில்லை. அவர்கள் டிக்கெட் படத்தை அனுப்பிய அன்றைக்கே இதைப் பேசிவிடு. முந்தின இரவுக்கும் சேர்த்து அறையை எடுத்தால் காலையில் வந்ததும் படுக்கலாம். பாதி வாடகைக்கு விடுகிற வீடுகளும் உண்டு, அது உன் விருப்பம். அது முடியாதென்றால், வந்ததும் பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்கலாம், கூடத்தில் உட்காரலாம், பசியாறப் பக்கத்தில் கடை இருக்கிறது, அறை மூன்று மணிக்கு என்று தெளிவாகச் சொல். எதைச் சொன்னாலும் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல். முன்னாலேயே சொல்லிவிட்டால் அது ஏற்பாடு. களைத்து வந்து நிற்கிறவரிடம் வாசலில் வைத்துச் சொன்னால் அவமானம். அன்றைக்கு முந்தின நாள் அறையில் யாரும் இல்லையென்றால் தாராளமாகக் காலையிலேயே திறந்துவிடு, காசும் கேட்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு ஒரு படுக்கை கொடுப்பதால் நீ குறைந்துவிட மாட்டாய். ஆனால் அதை முன்கூட்டி வாக்காகக் கொடுக்காதே.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கிள்ளான் துறைமுகத்துக்கு இன்னும் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பேர். 1972ல்தான் பேர் மாறியது. ஊரிலிருந்து ஆள் வருவதென்றால் ரஜூலா கப்பல்தான். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தைத் தொட்டு, பினாங்கு வந்து, பிறகுதான் நம் துறைமுகம். என் அத்தை வருகிறாள் என்று கடிதம் வந்தபோது அதில் கப்பல் பேரும் கிளம்புகிற தேதியும் மட்டும்தான் இருந்தது. அப்பா தோட்டத்துக் கிராணியிடம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். கப்பல் எப்போது கட்டும், ஆட்களை எப்போது இறக்கி விடுவார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கட்டுச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மரநிழலில் படுத்திருந்தோம். சாயங்காலம் அத்தை ஒரு தகரப் பெட்டியோடு வெளியே வந்தாள், எங்களைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவளைக் கூட்டிப்போக ஆள் வந்திருக்குமா இருக்காதா என்று அவளுக்கும் ஏழெட்டு நாளாகத் தெரியாது. அந்தக் காலத்தில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கு விமானம் எங்கே பறக்கிறது என்பதையே கைப்பேசியில் பார்க்கலாம். இப்போதும் ஒருவர் உன் வாசலில் தெரியாமல் நிற்கிறார் என்றால், கேட்க வேண்டியதை யாரோ கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அது உன் பக்கத்திலிருந்து நடக்க வேண்டாம்.

முதலில் உன் வீட்டுக்குள் பேசி முடி. அறைக்கு விளம்பரம் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் மாமியாரையும் உட்கார வைத்துக் கேள்: எத்தனை மணிக்கு மேல் அந்நியர் வீட்டுக்குள் வரலாம், எத்தனை மணிக்கு மேல் கூடாது? மாமியாருக்கு ஒன்பதரைக்குத் தூக்கம் வந்துவிடும், ஒருமுறை விழித்தால் மறுபடி தூங்க மாட்டார் என்பது எனக்கே தெரியும். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும். மாப்பிள்ளை இரவு ஷிஃப்ட் போகிற வாரத்தில் நீங்கள் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் வீட்டில். அந்த வாரங்களில் இரவு எட்டுக்கு மேல் புது ஆளை உள்ளே விட வேண்டாம் என்பது என் கருத்து. வாடகை போனால் போகட்டும். மற்ற வாரங்களில் மூன்றிலிருந்து ஒன்பது வரை என்று வைத்துக்கொள். அதை ஏர்பிஎன்பி செயலியில் போட இடம் இருக்கிறது, வருகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நீயே குறிக்கலாம். அதே செயலியில், அன்றைக்கே பதிவு செய்து அன்றைக்கே வருகிறவர்களை எத்தனை மணியோடு நிறுத்துவது என்பதையும் குறிக்கலாம். ஒருவர் போனபின் அடுத்தவர் வருமுன் ஒரு நாள் இடைவெளி விடவும் முடியும். ஆரம்பத்தில் அந்த ஒரு நாள் இடைவெளியைப் போட்டுக்கொள். பன்னிரண்டுக்கு ஒருவர் போய் மூன்றுக்கு இன்னொருவர் வந்தால், நடுவில் மழை பிடித்தால், போர்வை காயாது.

சாவிப் பெட்டியைச் சுவரில் மாட்டி, எண்ணை மட்டும் அனுப்பிவிட்டால் எந்த நேரமும் வந்துகொள்ளலாமே என்று மாப்பிள்ளை கேட்டாராம். ஆள் இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு அது சரி. நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு, அதுவும் வயசானவரும் வளர்கிற பெண் பிள்ளையும் இருக்கிற வீட்டுக்கு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல்முறை வருகிறவருக்கு ஒரு மனிதர்தான் கதவைத் திறக்க வேண்டும். முகத்தைப் பார், கடப்பிதழையோ அடையாள அட்டையையோ பார், வந்திருப்பவர் பதிவு செய்தவர்தானா, இரண்டு பேர் என்று சொல்லி ஐந்து பேர் வந்திருக்கிறார்களா என்று பார். வெளிநாட்டவரானால் கடப்பிதழின் படத்தை எடுத்து வைத்துக்கொள், தங்கும் அனுமதி முடியவில்லையா என்றும் பார்த்துக்கொள். அனுமதி இல்லாதவர்களைத் தங்க வைப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். பார்த்துப் பேசியபின், அறைச் சாவியும் சின்னக் கேட்டின் சாவியும் கொடுத்துவிடு. அதற்கப்புறம் அவர்கள் எப்போது திரும்பினாலும் நீ விழித்திருக்க வேண்டாம். தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஊரெல்லாம் பத்து மலையில் இருக்கும், பால்குடம் முடித்து விடிகாலை மூன்றுக்கும் நாலுக்கும்தான் திரும்புவார்கள். அதற்கு மணியடிக்கச் சொல்லி வைத்தால் தெருவே எழுந்துவிடும்.

தெரு என்றதும் இன்னொன்று. உன் தாமானில் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் எதிர்வீட்டுச் சீனப் பெரியவரும் உங்களோடு நன்றாகப் பழகுகிறவர்கள். அறை விடப்போகிற விஷயத்தை அவர்களிடம் முன்னாலேயே போய்ச் சொல். வருகிறவர் இருட்டில் வழி தெரியாமல் அவர்கள் கேட்டுக்கு முன்னால் காடியை நிறுத்தி ஹாரன் அடிப்பார், அல்லது அவர்கள் வீட்டு மணியை அடிப்பார். அப்படி நடக்காமல் இருக்க, வாசலின் படத்தை முன்கூட்டியே அனுப்பு. கேட்டின் நிறம், வீட்டு எண், காடியை எங்கே நிறுத்துவது என்பது படத்தில் தெரியட்டும். வீட்டு எண் பலகைக்கு மேல் ஒரு விளக்குப் போடு. முகவரியை மட்டும் எழுதி அனுப்பாதே. கிள்ளான் பட்டணத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது ஜாலான் காப்பார். அந்தப் பேரைத் தட்டினால் வேஸ் அவரைப் பட்டணத்துக் கடைவரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஆச்சரியமில்லை. “காப்பார் வந்துட்டோம், உங்க வீட்டைக் காணோமே” என்பார், அவர் நிற்பது கிள்ளானாக இருக்கும். உன் வாசலில் நின்று கைப்பேசியில் இடக்குறியை எடுத்து, அதையே எல்லோருக்கும் அனுப்பு.

பேருந்தில் வருகிறவர்களிடம் எந்த நிலையத்தில் இறங்குகிறார்கள் என்று கேட்கச் சொன்னேன் அல்லவா? ஜொகூர், பினாங்கு, ஈப்போ பக்கமிருந்து வருகிறவர்களுக்கு, முடிந்தால் மேருவில் இருக்கிற கிள்ளான் சென்ட்ரல் வரை வரும் பேருந்தை எடுக்கச் சொல். பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கிவிட்டால் ரயில் மாறி, கிராப் பிடித்து, அரை நாள் போய்விடும். இரவுப் பேருந்துகள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடுவதும் உண்டு. விடிகாலை நாலரைக்கு நிலையத்தில் இறக்கி விட்டுவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? பகல் பேருந்தாக எடுக்கச் சொல்வது நல்லது. அது முடியாதவர்கள் ஏழு மணி வரை நிலையத்திலேயே வெளிச்சத்தில் இருந்துவிட்டு வரட்டும், ஏழு மணிக்கு நீ எப்படியும் எழுந்திருப்பாய்.

நோன்பு மாதத்தை மறந்துவிடாதே. நம் வீட்டில் அந்தக் கணக்கு இல்லாததால் மனசில் நிற்காது. மாலை ஐந்திலிருந்து ரமடான் சந்தைப் பக்கச் சாலைகளெல்லாம் அடைத்துக்கொள்ளும். நோன்பு திறக்கிற ஏழேகால், ஏழரை வாக்கில் சாலை காலியாகிவிடும், ஆனால் கிராப் கிடைக்காது, ஓட்டுநர்களும் சாப்பிட வேண்டுமே. அந்த மாதத்தில் வருகிறவர்களை ஐந்துக்கு முன்னாலோ எட்டரைக்கு மேலோ வரச் சொல். நம் தீபாவளிக்கு முன் வாரங்களில் கிள்ளான் லிட்டில் இந்தியா பக்கம் போய்விட்டு வருவதாக யாராவது சொன்னால், அவர்கள் சொல்கிற நேரத்தோடு இரண்டு மணி சேர்த்துக்கொள். தெங்கு கிளானா சாலையில் காடி நகராது. டிசம்பர் மழையில், கடல் பெருகும் நாளாகவும் இருந்தால், நீயே முந்திக்கொண்டு வழியைப் பற்றி எச்சரி. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா மூழ்கியபோது சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தோமே.

செய்தி அனுப்புவதைப் பற்றி. பதிவானதும் ஒன்று, வருகிற நாளுக்கு முந்தின மாலை ஒன்று, அவ்வளவு போதும். மூன்றாவதை அவர்கள் அனுப்ப வேண்டும், கிளம்பியதும். அதைத்தான் நீ கேட்டு வாங்க வேண்டும். இப்படி எழுதலாம்: “வணக்கம். நாளைக்கு உங்களை எதிர்பார்க்கிறோம். கிள்ளான் சென்ட்ரலில் இறங்கியதும் ஒரு செய்தி போடுங்கள், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். இரவு ஒன்பது வரை விழித்திருப்போம். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.” இதையே மலாயிலும் எழுதி வைத்துக்கொள். “வந்துட்டீங்களா, எங்கே இருக்கீங்க” என்று அரை மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டிருக்காதே. காடி ஓட்டுகிறவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார், அது ஆபத்து.

சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அரை மணி பொறு. பிறகு ஒருமுறை கூப்பிடு. விமானம் தாமதமானால் அது அவர்கள் குற்றமில்லை, அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை விழித்திருக்கட்டும். நேரம் தாண்டி வந்ததற்காகக் கூடுதல் பணம் கேட்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கடைவீதியில் சுற்றிவிட்டுச் சாவகாசமாகப் பதினொன்றுக்கு வருகிறேன் என்பவரிடம், முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. மரியாதையாகச் சொல், உறுதியாகவும் சொல். வருகிறவர்களுக்குச் சோறு வைக்க வேண்டுமா என்று நீ நிச்சயம் கேட்பாய். வேண்டாம். பிளாஸ்கில் சுடுதண்ணீர், தேயிலை, கொஞ்சம் பிஸ்கட் அறையில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் வருகிறவருக்கு மட்டும் பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடு, வழியிலேயே வாங்கிக்கொண்டு வருவார்.

1995ல் தெமர்லோ பக்கம் டேசா மூர்னியில் அரசாங்கம் ஹோம்ஸ்தே திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு கிராமமே சேர்ந்து ஆட்களை ஏற்றுக்கொண்டது. நம் சிலாங்கூரில் சிப்பாங் பங்ஹுரிஸிலும் தஞ்சோங் காராங் சுங்கை சீரேவிலும் அப்படித்தான். கூட்டமாகப் பேருந்தில் வருவார்கள், கொம்பாங் அடித்து வரவேற்பார்கள், ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நேரத்தைப் பார்த்துக்கொள்வார், பிறகு வீடு வீடாகப் பிரித்து அனுப்புவார். உனக்கு அப்படி யாரும் இல்லை. நேரம் பார்க்கிறவளும் நீதான், வரவேற்கிறவளும் நீதான், போர்வை மாற்றுகிறவளும் நீதான். அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். நீ களைத்துப்போகக் கூடாது.

அரசாங்க விஷயம் கொஞ்சம். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராட்சி ஆகிவிட்டது. அவர்கள் முகப்பில் போய், குடியிருக்கிற வீட்டில் ஓர் அறை விட என்ன அனுமதி வேண்டும் என்று நேரில் கேட்டுவிடு, பிறர் சொல்வதை நம்பாதே. சுற்றுலா வரி 2017 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட், மலேசியருக்கு இல்லை. ஓர் அறை மட்டும் விடுகிற உனக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அதிகாரிகளிடமே கேள். வெளிநாட்டவரில் பெரும்பாலானோர் வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள். உன் முழு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு முதல் செய்தியிலேயே அனுப்பிவிட்டால், அவர்கள் விமான நிலையத்தில் நின்றுகொண்டு உன்னை எழுப்ப மாட்டார்கள்.

மாமியாரிடம் பேசிவிட்டு, இரவு எத்தனை மணி வரை என்று முடிவானதும் எனக்குச் சொல். நீ அனுப்பப்போகிற முதல் செய்தியைத் தமிழிலும் மலாயிலும் எழுதி எனக்கு அனுப்பு. மலாயை உன் பெரியப்பா பார்த்துத் திருத்திக் கொடுப்பார். வருகிற மாதம் உன் அம்மாவோடு நான் காப்பாருக்கு வருகிறேன். முதல் விருந்தாளியாக அந்த அறையில் ஓர் இரவு தங்கிப் பார்க்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் கொமுட்டரில் கிளம்புகிறோம், கிள்ளானில் இறங்கியதும் செய்தி போடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா